கொண்டல் இருவாச்சியின் குரல்

எங்கள் தீவில் ஒரு பறவை உயிரோடு இருக்கிறது என்று நான் சொன்னால் அது செல்லாது. அதைத் தினமும் பார்க்கிறேன், என் கையால் செய்த கருவியில் அதற்குப் பழம் கொடுக்கிறேன் என்றாலும் செல்லாது. படம் காட்டினாலும் செல்லாது. படத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் இயந்திரத்தில் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, அழிந்துபோன பறவைகள் எல்லாம் காகிதத்தில் உயிர்த்தெழுந்தன. சிலர் அதை வைத்து நிதி வாங்கினார்கள். வேறு சிலர், இருந்த பறவைகளை இல்லை என்று காட்டிக் காடு வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. இப்போது செவிகள் கேட்டால்தான் பறவை உண்டு.

செவி என்பது தேங்காய் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முத்திரை வைத்தது. மரத்தில் கட்டி வைத்திருப்போம். ஒரு குரல் வந்தால், அது உயிருள்ள தொண்டையிலிருந்து வருகிறதா, ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்த்து, நேராக, பறவைகளின் கணக்கை வைத்திருக்கும் அரசு ஆணையத்துக்குத் தெரிவித்துவிடும். நடுவில் மனிதர்களுக்கு வேலை கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கேட்பு மாதம் உண்டு. அந்த மாதத்தில் ஒரு முறைகூடக் குரல் கேட்கவில்லை என்றால், அதன் நிலை 'அருகியது' என்பதிலிருந்து 'அற்றது' என்று தானாக மாறிவிடும். அதன் பெயரில் காக்கப்படும் நிலமும் அன்றே விடுவிக்கப்படும்.

கொண்டல் தீவு, கொண்டல் இருவாச்சியின் பெயரில் இருந்தது. அந்தமானிலுள்ள எங்கள் தீவைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லாத, பெரிய அலகுள்ள பறவை அது. தீவை விடுவித்தால் அங்கே கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் துறை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடம்கூடத் தயாராக இருந்தது.

ஆராய்ச்சி நிலையத்தில் நாங்கள் மூன்று பேர். தலைமை வத்சலா மேடம். இருபது வருடமாக இந்த ஒரு பறவையை மட்டுமே படித்தவர். காவலர் முனியசாமி அண்ணன். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம். நான் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள், பெயர் சுகிர்தா. பகலில் வேலை, பொழுது சாய்ந்ததும் படிப்பு. மின்னணுவியலுக்கான மாலை வகுப்பு போர்ட் பிளேரிலிருந்து திரையில் வரும். தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் ஆசிரியர். என்ன செய்தாய், என்ன நடந்தது, எது சந்தேகம் என்று மூன்று பகுதி. மற்றவர்களுக்கு முதல் பகுதி நீளமாக வரும். எனக்கு மூன்றாவது.

அந்த வருடம் எல்லாமே தாமதமாகத் தொடங்கியது. தீவில் மிஞ்சியிருந்த கடைசி ஜோடி வழக்கமாகக் கூடு வைக்கும் மரம் மழையில் சாய்ந்துவிட்டது. வேறு பொந்து தேடிக் கண்டுபிடிக்க அவற்றுக்கு வெகுநாள் ஆனது. பிறகு பெண் பறவை உள்ளே போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. அலகு மட்டும் நீளும்படி ஒரு கீற்று. இருவாச்சிகள் அப்படித்தான். பெண் உள்ளே முட்டை வைத்து, தன் இறக்கைச் சிறகுகளையும் உதிர்த்துவிடும். புதிதாக முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து கீற்றின் வழியாக ஊட்ட வேண்டும்.

அடைத்துக்கொண்டு சில வாரங்களில் புயல் வந்தது. புயல் ஓய்ந்த காலையில் முனி அண்ணன் கடற்கரைப் பக்கமிருந்து எதையோ துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்தார். கழுத்தில் செம்பழுப்பு. ஆண்.

மேடம் துண்டை மறுபடி மூடினார். "சுகிர்தா, உள்ள இருக்குறதுக்கு யாரு சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டார்.

நான் ஒரு கை செய்தேன். மரத்தை ஒட்டி ஏறி இறங்கும் அலுமினியக் குழாய், நுனியில் மரத்தில் செதுக்கிய அலகு. அலகைச் செதுக்கித் தந்தவர் முனி அண்ணன். முதல் முயற்சியில் பெண் பறவை பழத்தை வாங்கவில்லை. தன் அலகால் தள்ளி வெளியே போட்டது. அடுத்த நாளும் அப்படியே. என் கருவியில் குறை என்று நினைத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. பிறகு பழைய ஒளிப்பதிவுகளை உட்கார்ந்து பார்த்தேன். ஆண் பறவை பழத்தைக் கீற்றின் விளிம்பில் லேசாக உரசும். பிறகு அசையாமல் காத்திருக்கும். உள்ளே இருப்பது தன் நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளும். என் கருவி நீட்டியதும் உடனே பின்வாங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கும்படி மாற்றினேன். மறுநாள் பழம் உள்ளே போனது.

அன்றிலிருந்து முனி அண்ணன் என் கருவிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு எண்ணெ போட்டியா? கீச்சு கீச்சுங்குறாரு, அவளுக்குக் கோவம் வரப்போகுது" என்பார். பறவையை அவள் என்று சொல்வது மேடத்துக்குப் பிடிக்காது. அது ஒரு பெண் பறவை, முனியசாமி, உங்க தங்கச்சி இல்ல என்று கண்டிப்பார். அண்ணன் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "அவ இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டாளா?" என்பார்.

கொஞ்ச நாளில் பொந்துக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் வந்தது. குஞ்சு பொரித்துவிட்டது. நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மேடம் கண்டிக்கவில்லை.

ஆனால் அந்தக் கீச்சுக் குரலால் பயன் இல்லை. செவிகளுக்கு அது தெரியாது. கொண்டல் இருவாச்சி என்று அவை அறிந்திருந்தது ஒரே ஒரு குரலை: கூடு வைக்கும் காலம் முடியும் சமயத்தில் ஆண் பறவை தூரத்து மரத்தில் நின்று கொடுக்கும் உரத்த கூவல். அதைத் தேர்ந்தெடுத்தவரும் மேடம்தான். செவிகள் வந்த புதிதில், மற்ற ஆராய்ச்சியாளர்கள் எல்லாச் சத்தங்களையும் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியபோது, அவர் மட்டும் அந்த ஒரு கூவல் போதும் என்று பிடிவாதமாக நின்றாராம். குஞ்சு உள்ள கூடு வைத்திருக்கும் ஆண் மட்டுமே அப்படிக் கூவும், அதனால் ஒரு கூவல் என்றால் ஒரு குடும்பம், பொய்க் கணக்கு வராது என்பது அவருடைய வாதம். அது தன் எல்லையை அறிவிக்கும் கூவல் என்று கட்டுரையும் எழுதியிருந்தார். கூவல் கேட்கும் மாதமே கேட்பு மாதம் ஆனது. அந்த மாதம் இப்போது தொடங்கியிருந்தது. கூவ ஆண் இல்லை.

ஆணையத்திலிருந்து இன்பராஜ் என்ற ஆய்வாளர் படகில் வந்தார். முத்திரைகளைச் சரிபார்த்த பிறகு, மேடம் அவரை மரத்தடிக்கு அழைத்துப்போனார். மாப்பிள்ளை பழத்துடன் ஏறியது, உரசியது, நின்றது. கீற்றிலிருந்து அலகு வந்து பழத்தை எடுத்தது. இன்பராஜ் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கு மேடம்" என்றார். "இருக்குன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"நீங்களே பாத்தீங்களே."

"நான் பாத்து என்ன? நாளைக்கு இன்னொருத்தர் வந்து, நான் காண்டாமிருகம் பாத்தேன்பார். கண்ணை நம்பி ஏமாந்துதானே காதை வச்சிருக்கோம்."

கேட்பு மாதத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று மேடம் கேட்டார். மரம் சாய்ந்தது, கூடு தாமதமானது எல்லாவற்றையும் விளக்கினார். இன்பராஜ் பொறுமையாகக் கேட்டார். செவிகள் மொத்த நாட்டுக்கும் ஒரே நாட்காட்டியில் ஓடுவதாகவும், ஒரு தீவுக்காக அதைத் திறந்தால் எல்லோரும் திறக்கச் சொல்வார்கள் என்றும் சொன்னார். ஒரே ஒரு வழிதான் இருந்தது. பறவையைக் கையில் பிடித்து, அவர் முன்னால் ரத்தம் எடுத்துக் கொடுத்தால், அதைச் செவிக்குப் பதிலாக ஏற்றுக்கொள்வார்கள்.

"சுவரை உடைக்கணும்" என்றார் மேடம்.

"ஆமா."

"உடைச்சா அது குஞ்சை விட்டுடும். அதுக்கு இப்ப றெக்கையும் இல்ல."

இன்பராஜ் தரையைப் பார்த்தார். ஒரு குஞ்சா, ஒரு தீவா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் எண்ணெய்த் துறைக்காரர்கள் மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். படகு ஏறும்போது என்னிடம் அந்தக் கருவியை நான்தான் செய்தேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை நான் வகுப்பில் உட்காரவில்லை. மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. முனி அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழம்பு நன்றாக இருந்தால், காட்டுச் செவிகளுக்கு எட்டாத தூரம்தானே என்று, ஆண் இருவாச்சி மாதிரி கூவுவார். அப்படியே இருக்கும், புதிதாக வந்தவர்கள் எழுந்து சன்னலுக்கு ஓடுவார்கள். மேடம் அதை ஒருநாளும் ரசித்ததில்லை. அன்று அவரே கேட்டார்.

"முனியசாமி, அந்தக் குரலைக் குடுங்க."

அண்ணன் சிரித்தார். "குழம்பு அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்த, ஆணையத்தோடு தொடர்பு இல்லாத செவியை எடுத்து வந்து கொல்லைப்புறத்தில் மாட்டினேன். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, தொண்டையைச் செருமி, தலையை மேலே தூக்கிக் கூவினார். செவியில் பச்சை விளக்கு எரிந்தது. உயிருள்ள தொண்டை, சரியான குரல். ஒரு மனிதன் இப்படிச் செய்வான் என்று அதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்தார். "இது பொய்யில்லையா மேடம்?"

"பறவை இருக்கு. இருக்குறதை இருக்குன்னு சொல்றது எப்படிப் பொய்யாகும்?"

நான் என் அறைக்குப் போய், மூன்றாம் பகுதியில் என் சந்தேகங்களை எழுதினேன். ஈரக்காற்றில் குரலின் தன்மை மாறுமா? தரையிலிருந்து வரும் குரலைச் செவி ஏற்குமா, மரத்தில் ஏற வேண்டுமா? எத்தனை செவிகள் கேட்டால் பதிவு உறுதியாகும்? ஒரு பக்கம் முழுக்க நிரம்பியது. எல்லாமே செவியைப் பற்றியவை. பொந்துக்குள் இன்னொரு காது இருந்ததை நான் எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் குன்றின் மேல் போனோம். கூட்டு மரம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தொலைவில் இருந்தது. அண்ணன் ஒரு புன்னை மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்துகொண்டார். முதல் கூவல் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது முழுசாக எழுந்து பள்ளத்தைத் தாண்டிப் போனது. என் கையிலிருந்த திரையில் குன்றின் செவி பச்சையானது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கும் அடுத்தது. கொண்டல் இருவாச்சி, ஆண், ஒன்று. நிலை: அருகியது.

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உறுதியாகட்டும், இன்னும் கொஞ்சம் கூவுங்கள் என்றார். அண்ணனும் உற்சாகமாகிவிட்டார். கிளையில் உட்கார்ந்தபடி, "சுகி, மாப்பிள்ளைகிட்ட சொல்லாத, பொறாமைப்படுவாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி மறுபடி கூவினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தீவு பிழைத்துவிட்டது.

கீழே இறங்கிப் பழம் ஊட்டப் போனபோது, மரத்தடியில் உடைந்த மண் கட்டிகள் கிடந்தன. நான் முதலில் புயலில் விழுந்த ஏதோ என்று நினைத்தேன். அண்ணன்தான் மேலே பார்த்தார். கீற்று இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. உள்ளிருந்து உடைத்தது.

பெண் பறவை வேர்களுக்கு நடுவில் கிடந்தது. இறக்கை இரண்டிலும் புதிய சிறகுகள் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தன, பென்சில் முனைகள் மாதிரி. அது பறக்க முயன்றிருக்கிறது. அலகைத் திறந்து திறந்து மூடியது. அதன் தலை குன்று இருந்த திசையில் திரும்பியிருந்தது.

மேடம் தரையில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்துக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு வருடமும் ஆண் கூவத் தொடங்கிய சில நாட்களில் பெண் வெளியே வருவதை அவர் பார்த்திருக்கிறார். சிறகு வளர்ந்தது, அதனால் வந்தது என்று எழுதினார். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், எது எதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை.

"எல்லை இல்ல சுகிர்தா" என்றார். "வெளிய வான்னு கூப்பிடுறது. நான்தான் எல்லைன்னு எழுதினேன்." பறவையின் கழுத்தைத் தடவினார். "அவன் வந்துட்டான்னு நெனச்சிருக்கா."

அவர் அவள் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மதியத்துக்குள் அது இறந்துவிட்டது.

குஞ்சும் போயிருக்கும் என்று நினைத்துத்தான் ஏணி வைத்து ஏறினேன். உள்ளே உயிரோடு இருந்தது. பாதி சிறகு முளைத்த சின்ன உடம்பு. என்னைப் பார்த்துப் பின்னால் ஒதுங்கியது. நான் இறங்கி வந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டையின் விளிம்பில் ஒரு அலகு தெரிந்தது. தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் எடுத்து விளிம்பில் அப்பி, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசியது. அம்மா உடைத்த சுவரைக் குஞ்சு மறுபடி அடைத்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் கீற்று மட்டும் மிஞ்சியது. மாப்பிள்ளையை மேலே அனுப்பினேன். பழத்தை உரசிவிட்டுக் காத்திருந்தது. குஞ்சு வாங்கிக்கொண்டது.

நடந்ததை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டுமா என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. சொன்னால் கூவல் பொய் என்றாகும். மாதம் முடிந்ததும் தீவு போய்விடும். குஞ்சு இருக்கும் மரமும் போய்விடும். இன்பராஜிடமிருந்து வாழ்த்து வந்தது. புதிதாக ஒரு ஆண் தென்பட்டதில் தனக்கு மிகவும் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். மேடம் நன்றி என்று மட்டும் பதில் அனுப்பினார்.

முனி அண்ணன் அடுத்த படகில் கிளம்பினார். மேடம் தடுத்துப் பார்த்தார், அது அவருடைய தவறு இல்லை, தன்னுடைய தவறு என்றார். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தார். நான் கூடவே போனேன்.

"மேடம் தப்பா எழுதுனதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

"எழுதுனதெல்லாம் எனக்குத் தெரியாதுடா தங்கச்சி. நான் கூப்பிட்டேன். அவ வந்தா. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் கூவியதில்லை என்று அவருடைய மனைவி ஒருமுறை சொன்னார்.

குஞ்சு வளர்ந்தது. ஒரு காலையில் தானே சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. விழவில்லை. மாப்பிள்ளையைக் கழற்றி எடுத்துவிட்டேன். பழம் தேடுவதை அது தானாகக் கற்றுக்கொண்டது. அத்திக்காட்டில் பச்சைப் புறாக்களோடு சேர்ந்து மேயும். கழுத்தில் செம்பழுப்பு வருமா என்று மாதக்கணக்காகப் பார்த்தோம். வரவில்லை. பெண். ஆண் என்றால், கூடு இல்லாவிட்டாலும், ஒருநாள் அதுவே கூவிப் பார்த்திருக்கலாம். செவிகளுக்கு உண்மையான குரல் கிடைத்திருக்கும். பெண் கூவாது. அதைப் பிடித்து ரத்தம் கொடுத்தால், அன்று கூவிய ஆண் எங்கே என்று கேட்பார்கள்.

அடுத்த கேட்பு மாதம் வந்தது. மேடம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர் அதிகம் பேசுவதையே விட்டிருந்தார். நான்தான் கேட்டேன்.

"கூவுனா அது கேக்குமே மேடம்."

"கேக்கும்."

"கூவலைன்னா?"

அவர் சன்னல் வழியாகக் காட்டைக் காட்டினார். "அது எங்க இருக்கும்?"

அண்ணனின் கூவல் எனக்கு மனப்பாடமாக இருந்தது. கடலில் படகை வெகுதூரம் ஓட்டிப் போய், தீவுக்குக் கேட்காத இடத்தில் நின்று பழகிப் பார்த்தேன். சரியாக வருகிறதா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு எதிலும் நம்பிக்கை வருவதில்லை. ஆனால் கூடவே எடுத்துப்போன அந்தப் பழுதுச் செவி பச்சையைக் காட்டியது.

விடிந்ததும் குன்றில் ஏறி அதே புன்னையில் உட்கார்ந்தேன். ஒரு முறை கூவினேன். திரையில் பச்சை வந்தது. கொண்டல் இருவாச்சி, ஆண், ஒன்று. இது போதும், இறங்கிவிடலாம் என்று காலை எடுத்தபோது இறக்கைச் சத்தம் கேட்டது. கனமான, விட்டுவிட்டு வரும் சத்தம். அது பள்ளத்தைத் தாண்டி வந்து எனக்கு எதிர்க் கிளையில் உட்கார்ந்தது.

அம்மாவைத் தவிர அது தன் இனத்தின் வேறு பறவை எதையும் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்தக் கூவலைப் பொந்துக்குள் இருந்தபோது ஒரு காலையில் கேட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் வந்துவிட்டது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தது, அவற்றுக்கும் மேலே பார்த்தது. அலகை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டது, ஊட்டுவதற்கு யாரோ வரப்போகிற மாதிரி. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தது. நான் அசையவில்லை. பிறகு அது பறந்துபோய்விட்டது.

ஒரு கூவலை மட்டும் வைத்துப் பதிவை உறுதி செய்ய முடியாது, வேறு நாட்களிலும் கேட்க வேண்டும் என்று மதியம் ஆணையத்திலிருந்து செய்தி வந்தது. புது விதி.

மறுநாள் காலை நான் குன்றில் ஏறியபோது, அது எனக்கு முன்பே வந்து அந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தது. நான் புன்னையில் ஏறினேன். அது எனக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கூவினேன்.